அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாய்தா

கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றீங்களான்னு கேட்டீங்கள்ல சார். ஆமா, எங்க அக்கா கல்யாணம். ஏன் மூஞ்சி இப்பிடி இருக்குன்னு நீங்க கேக்கல, மரியாதை தெரிஞ்ச ஆளு. ஆனா நான் சொல்லிர்றேன். சொல்லலைன்னா இந்த பஸ்ஸு வத்தலக்குண்டு போறதுக்குள்ள எனக்கு நெஞ்சு அடைச்சுப் போகும். இந்தப் பையைக் கொஞ்சம் உங்க காலுக்கிட்ட வச்சுக்கிறேன். தேங்காய்தான், உருளாமப் பாத்துக்கங்க.

அக்கான்னதும் நீங்க என்னை ஏற இறங்கப் பாக்குறீங்க. எனக்கு நாப்பத்தி நாலு. அக்காவுக்கு நாப்பத்தி ஏழு. ஆமா, முதல் கல்யாணம்தான். இன்னைக்குக் காலையில பத்தரைக்கு, கன்னிவாடிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயில்ல.

என் தொழில் மனு எழுதுறது. தாலுகா ஆபீஸ் எதிர்த்தாப்ல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு, அதோட வாசல்ல மேஜை போட்ருக்கேன். பட்டா மாறுதலா, முதியோர் பென்ஷனா, பக்கத்து வீட்டுக்காரன் கோழி நம்ம வீட்டுக்குள்ள வருதா, குருநாதன்கிட்டப் போன்னுதான் சொல்லுவாங்க. நான் எழுதிக் குடுப்பேன், ஜெராக்ஸ் கடைப் பிள்ளை டைப் அடிச்சுக் குடுக்கும். நான் சும்மா சொல்லல சார், என் மனு தோத்ததில்ல. படிக்கிற அதிகாரிக்குக் கண்ணுல தண்ணி வரணும், அதே சமயம் கொஞ்சம் பயமும் வரணும். அதுதான் மனு.

அக்கா பேரு திலகவதி. ஈபியில வேலை. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா உங்க வீட்டுக்கு வந்து மீட்டரைப் பாத்து அட்டையில எழுதிட்டுப் போறாங்கள்ல, அந்த வேலை. எங்க அப்பா வேலையில இருக்கும்போதே இறந்துபோனாரு, வாரிசு வேலை அக்காவுக்கு வந்துச்சு. அப்ப அவளுக்கு இருபத்தி மூணு. அம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அன்னையிலருந்து நானும் அவளும்தான். அவளைப் பாத்துக்கிற பொறுப்பு அம்புட்டும் என் தலையில. காலையில அவ காபி போட்டா, சூடு சரியா இருக்கான்னு குடிச்சுப் பாத்துச் சொல்றதுலருந்து எல்லாமே நான்தான்.

அவளுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சு இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. எந்தத் தம்பி சார் இருபத்தி ரெண்டு வருஷம் பாப்பான்? அதுவரைக்கும் எனக்குன்னு ஒரு கல்யாணத்தை நினைச்சுக்கூடப் பாக்கல. அக்கா இருக்கையில தம்பி பண்ணலாமா? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல.

முதல்ல கம்பத்துலருந்து ஒரு பேங்க் கிளார்க்கு வந்தான். நல்ல பையன். ஆனா மாத்தலாகுற வேலை. இன்னைக்குக் கம்பம், நாளைக்குக் கடலூர்னு எங்க அக்கா மூட்டை கட்டிக்கிட்டே இருக்கணுமா? வேண்டாம்னுட்டேன். அடுத்து ஒரு வாத்தியார். மாத்தலே கிடையாது, ஒரே ஸ்கூல். ஒரே ஊர்ல கிடக்குறவன் என்னத்த முன்னேறுவான்? அவனையும் வேண்டாம்னுட்டேன். நிலக்கோட்டையிலருந்து ஒருத்தன் வந்து நாலு பஜ்ஜி சாப்பிட்டான், அடக்கம் இல்ல. பெரியகுளத்துலருந்து ஒருத்தன் வந்து ஒரு பஜ்ஜிகூடத் தொடல, திமிரு. சீர் வேணும்னு கேட்டவனைப் பேராசைன்னு அனுப்பினேன். ஒண்ணும் வேண்டாம்னவன்கிட்ட ஏதோ வியாதி இருக்கணும்னு அனுப்பினேன். சோலைன்னு ஒரு தரகர், பாவம், இருபது வருஷமா எங்க வீட்டுக்கு நடந்தாரு. கடைசியில, குருநாதா, இனி கடவுளே வந்தாலும் நாலு கைக்கு எவன் சட்டை தைப்பான்னு கேப்ப நீ, அப்பிடின்னு சொல்லிட்டுப் போனாரு. வயசாயிருச்சு அவருக்கு, பேச்சுல நிதானம் இல்ல.

நாப்பது தாண்டினப்புறம் வந்ததை எல்லாம் என்னன்னு சொல்றது. போன்ல கூப்புடுவாங்க. பொண்ணுக்கு வயசு இருபத்தி ஏழுங்களான்னு கேப்பாங்க. நாப்பத்தி ஏழுன்னா டொக்குன்னு வச்சுருவாங்க, ஒரு சரிங்க கிடையாது. அம்பத்தெட்டு வயசுல ஒருத்தர் மாத்திரைச் சீட்டோட வந்தாரு. அக்காகிட்டக் கேட்ட ஒரே கேள்வி, சுகர் ஊசி போடத் தெரியுமாம்மா? இன்னொருத்தன் அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தான். அந்தம்மா அக்கா கையைப் புடிச்சுப் பாத்து, தெம்பா இருக்கா, என்னைத் தூக்கி உக்கார வச்சுருவான்னுச்சு. ஒரு ஆளு அம்பத்தி ரெண்டு வயசுல தலைக்கு மை பூசிக்கிட்டு வந்து, பொண்ணுக்குக் கொஞ்சம் வயசு கூடன்னு இழுத்தான். கரண்ட் இல்ல அன்னைக்கு, வேர்வையில மை காது வழியா சட்டைக்கு இறங்குது. அக்கா எழுந்திரிச்சுப் போயி ஒரு துண்டு கொண்டாந்து குடுத்தா. இன்னொருத்தன் பொண்ணு பாக்க வந்தவன், இட்லியச் சாப்பிட்டு முடிச்சுட்டு, மோட்டாருக்குப் புது கரண்ட் சர்வீஸ் வாங்கணும், அக்கா, உங்க ஆபீஸ்ல கொஞ்சம் சொல்லி விடுறீங்களான்னான். பொண்ணு பாக்க வந்தவன் அக்கான்னு கூப்புட்டா எப்பிடி இருக்கும் சார்?

அக்கா எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டா. தட்டை எடுத்துக் கழுவி வைப்பா. அவளுக்கும் விருப்பம் இல்லன்னுதான் நான் நினைச்சுக்கிட்டேன். விருப்பம் இருந்தா சொல்லியிருக்க மாட்டாளா?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல வெள்ளையப்பன்னு ஒரு மாவு மில்லுக்காரன். பொண்டாட்டி புள்ளை கிடையாது, தங்கச்சிகளைக் கட்டிக் குடுத்தே வயசு போயிருச்சுன்னு சொல்லுவான். புருவம், மீசை, காது மடல் எல்லாம் மாவு. அவன் நிறம் என்னன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி என் மேஜைக்கு வந்தான். மில்லுல மீட்டர் வேகமா ஓடுது, ஒரு மனு எழுதிக் குடுங்கன்னான். எழுதினேன். ஈபி ஆபீசுக்கு மனு போச்சுன்னா அந்த ஏரியாவுக்கு ரீடிங் எடுக்குற ஆளு நேர்ல போயி மறுபடி பாக்கணும். அந்த ஏரியா எங்க அக்காவுது. அக்கா போயிப் பாத்தா. மீட்டர் சரியாத்தான் இருக்குன்னு எழுதிட்டு வந்தா.

மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வர்றான், மீட்டர் வேகமா ஓடுதாம். இப்பிடியே பதினாலு மனு சார். பதினாலு தடவையும் அக்கா போயிப் பாத்துட்டு வந்தா. அன்னைக்கு மட்டும் கனகாம்பரம் வச்சிருப்பா. சேலைத் தலைப்புல மாவு ஒட்டியிருக்கும். மில்லுன்னா மாவு இருக்கத்தானே செய்யும். அப்புறம் வீட்டுக்குக் கம்பு மாவு, கேப்பை மாவு, சலிச்ச பச்சரிசி மாவுன்னு வந்துக்கிட்டே இருக்கும், கேட்டாக் காசு வாங்க மாட்டேங்குறான்னு சொல்லுவா. என் எழுத்துக்கு அவன் காட்டுற மரியாதைன்னு நான் நினைச்சேன். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன், அந்த ஆளு மீட்டருக்கு என்னதான்க்கா வந்துச்சுன்னு. கொஞ்சம் வேகமாத்தான் ஓடுது குரு, இன்னொரு மனு எழுதிக் குடுன்னா. நானும் எழுதிக் குடுத்தேன். நல்ல புட்டு அன்னைக்கு.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, ஒரு வியாழக்கிழமை, வெள்ளையப்பன் வந்து நிக்கிறான். மீட்டரான்னேன். இல்லைங்க, இது வேற மாதிரி மனுன்னான். ஒரு பொண்ணைக் கட்டிக்க ஆசைப்படுறானாம், பொண்ணுக்கும் சம்மதமாம், ஆனா கூடப் பொறந்தவன் ஒருத்தன் குறுக்க நிக்கிறானாம், வரன் பாக்குறேன்னு சொல்லிக்கிட்டே வந்தவனை எல்லாம் விரட்டி விட்டு அந்தப் பொண்ணுக்கு வயசே கூடிப்போச்சாம். அவனுக்கு ஒரு மனு எழுதணுமாம். பேரு அட்ரஸ் நான் எழுதிக்கிறேன், விஷயத்தை மட்டும் நீங்க எழுதுங்கன்னான்.

எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு சார். ஒரு பொம்பளையோட வாழ்க்கையை இப்பிடி ஒருத்தன் அடைச்சு வைப்பானா? யாருய்யா அவன்னேன். நல்ல மனுசன்தாங்க, அவருக்கே தெரியாது அவர் என்ன பண்றாருன்னு, அப்பிடின்னான். நல்ல மனுசனா இருந்தா ஏன்யா இப்பிடிப் பண்றான், நீ ஒதுங்கு, நான் பாத்துக்கிறேன்னேன். அன்னைக்கு வேற யாருக்கும் மனு எழுதல. பட்டாவுக்கு வந்த ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன்.

எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க. 'தாங்கள் வரன் தேடுவதாகக் கூறிக்கொண்டு, வந்த வரன்களை ஒவ்வொன்றாக விரட்டி வருவது ஊரறிந்த உண்மை. தங்கள் சகோதரி தங்கள் வீட்டு ஆட்டுக்கல் அல்லர், இடம் பெயர்க்க இயலாது என்று கூறுவதற்கு. அன்னாருக்கு வயது கூடிவிட்டது என்று ஊரார் சொல்வார்களேயானால், அந்த வயதைக் கூட்டியவர் தாங்களே என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.' எப்பிடி? டைப் அடிச்ச பிள்ளை பாதியில நிறுத்தி மூக்கை உறிஞ்சுச்சு. இதைப் படிச்சுட்டும் அந்த ஆளு மறுத்தான்னா அவன் மனுசனே கிடையாதுன்னு வெள்ளையப்பன்கிட்டச் சொல்லி அனுப்பினேன். ரிஜிஸ்டர் தபால்ல போடு, ஒப்புகை அட்டையோட போடு, அப்பத்தான் வரலைன்னு சொல்ல முடியாதுன்னு யோசனையும் குடுத்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு தபால்காரர் வீட்டுக்கு வந்து கையெழுத்துக் கேட்டாரு. போட்டேன். பிரிச்சுப் படிச்சேன். படிச்ச உடனே என்ன தோணுச்சுன்னா, அடேங்கப்பா, எழுத்து நல்லாருக்கேன்னுதான் தோணுச்சு. யாருடா இவன், நம்ம மாதிரியே எழுதுறவன் ஒருத்தன் ஊருக்குள்ள கடை போட்டுட்டானோன்னு ஒரு பயம். ஆட்டுக்கல் வந்த இடத்துலதான் சார் அது என் எழுத்துன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு. மேல திருப்பிப் பாக்குறேன், பெறுநர்ங்கிற இடத்துல என் பேரு, என் தெரு, என் கதவு எண்.

அக்கா அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. பேப்பரைக் கொண்டுபோயி ஆட்டினேன். என்னக்கா இதுன்னேன். அவ திரும்பக்கூட இல்ல.

"நான்தான் உங்கிட்டப் போயி எழுதி வாங்கச் சொன்னேன். நீ யார் சொன்னாலும் கேக்க மாட்ட குரு. நீ எழுதினதை மட்டுந்தான் நம்புவ."

அம்புட்டு ஆசை இருந்தா நீயே போயிக் கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானேன்னு கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது, கத்திட்டேன்.

"நாப்பத்தி ஏழு வயசுல ஓடிப்போனா பாதி வழியில முட்டி புடிச்சுக்கும்டா. நீ தாரை வார்த்துக் குடுத்தாத்தான் போவேன். இல்லன்னா போகல."

சொல்லிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கிட்டா. போகலைன்னா போக மாட்டா சார், அவ குணம் எனக்குத் தெரியும். முடிவு என் கையில. சந்தோசமாத்தானே இருக்கணும்? இல்ல.

மூணு வாரம் நான் அவகூடப் பேசல. காபி மட்டும் குடிச்சேன். எதிர் மனு எழுதலாம்னு உக்காந்தேன். சாதியைச் சொல்லித் தட்டலாம்னா நம்ம சனமாப் போயிட்டான். ஜாதகத்தைச் சொல்லலாம்னா ரெண்டு பேருக்கும் ஒரே தோஷம், தோஷத்துக்குத் தோஷம் சரின்னு ஜோசியர் சிரிக்கிறாரு. குடி கிடையாது, பீடி கிடையாது. நான் எழுதின மனுவுக்கு என்னாலயே பதில் எழுத முடியல. கடைசியில, என்ன செய்ய, வரச் சொல்லுன்னேன்.

தட்டு மாத்த ஒரு ஆளு வந்தாரு. மாநிறம், வெள்ளை வேட்டி, நல்ல களையான முகம். வாங்க வாங்கன்னு உக்கார வச்சேன். அரை மணி நேரம் பேசினோம், மழையைப் பத்தி, விலைவாசியைப் பத்தி. அப்புறம்தான் கேட்டேன், மில்லுக்காரர் எப்ப வருவாருன்னு. அவருதான் சார் மில்லுக்காரர். குளிச்சுட்டு வந்திருக்காரு. அக்கா உள்ள விழுந்து விழுந்து சிரிக்கிறது கேக்குது. அவ அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. எனக்கு அது ஒரு மாதிரியாப் போச்சு.

நாள் குறிச்சாச்சு. நேத்தே அக்கா தெருப் பொம்பளைங்களோட வேன்ல கன்னிவாடி போயிட்டா. நான் வீட்ல இருந்துக்கிட்டேன், காலையில வர்றேன்னு. உண்மையைச் சொல்லணும்னா எனக்கு ஒரு யோசனை வந்திருச்சு. ஆட்சேபணைதானே நிக்காது? வாய்தா கேக்கலாம்ல. கோர்ட்டுல கேக்குறதில்லையா? கல்யாணம் வேண்டாம்னு சொல்லல சார், ஆறு மாசம் தள்ளிப் போடுங்கன்னு சொல்றேன். ஆனா வாய்தாவை நான் கேட்டா எடுபடாது, சம்பந்தப்பட்ட ஆளு கேக்கணும். அதனால அக்கா பேர்லயே எழுதினேன். 'மணமகள் திலகவதி ஆகிய நான் பணிந்து கேட்டுக்கொள்வது யாதெனில், என் தம்பி குருநாதனுக்குச் சோறு வடிக்கவோ, காபி போடவோ, கேஸ் சிலிண்டர் மாற்றவோ தெரியாதபடியால், அன்னார் மேற்படி வேலைகளைக் கற்றுக்கொள்ளும் பொருட்டு ஆறு மாத கால அவகாசம்.' சிரிக்கிறீங்க. சிரிங்க. எழுதும்போது எனக்கு அது நல்ல காரணமாத்தான் தெரிஞ்சுச்சு. அவ கையெழுத்து மட்டும் பாக்கி.

கோயிலுக்குப் போனேன். மேளம் அடிக்கிறான். அக்கா மணவறைக்குப் பின்னாடி ஒரு சேர்ல உக்காந்திருந்தா, மாம்பழக் கலர் பட்டு, கழுத்துல மாலை. தலையில நரைச்ச இடத்தை அப்பிடியே விட்டிருந்தா, மை பூசல. அழகா இருந்தா சார். என் அக்கா அழகுன்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் பாத்ததில்ல.

கூட இருந்த பொம்பளைங்க பூ எடுக்கப் போன நேரம் பாத்து நான் பேப்பரை நீட்டினேன். அக்கா, ஒரு கையெழுத்து வேணும்னேன். என்ன ஏதுன்னு கேக்கல, கையை நீட்டிப் பேனாவை வாங்கினா. எனக்கே மனசு உறுத்துச்சு. படிச்சுப் பாருக்கான்னேன்.

"நீ எழுதினா சரியாத்தான்டா இருக்கும். எங்க போடணும்?"

கீழ வலது பக்கம்னு காட்டினேன். மாலை இடிக்குதுன்னு ஒரு கையால ஒதுக்கிப் புடிச்சுக்கிட்டு, திலகவதின்னு முழுசா எழுதினா. தன் கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லித் தானே கையெழுத்துப் போட்டுட்டு, பேனாவை மூடி என் சட்டைப் பையில சொருகி விட்டா. சாப்புட்டியான்னு கேட்டா.

அப்பத்தான் சார் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. வரன் வேண்டாம்னா நான் வாயால சொல்றதில்ல, முறையா லெட்டர் எழுதித்தான் அனுப்புவேன். எனக்கு விருப்பமில்லைன்னு பொண்ணு சொல்ற மாதிரி எழுதி, கீழ அக்கா கையெழுத்து வாங்கி, தரகர்கிட்டக் குடுத்துருவேன். கம்பத்துக்காரனுக்கு, வாத்தியாருக்கு, நாலு பஜ்ஜிக்காரனுக்கு, எல்லாருக்கும். அம்புட்டுலயும் அவ கையெழுத்துதான் இருக்கு. இருபத்தி ரெண்டு வருஷமா, எங்க போடணும்னு மட்டுந்தான் கேட்டிருக்கா. ஒண்ணைக்கூடப் படிச்சுப் பாத்ததில்ல. அவளுக்கு விருப்பம் இல்லன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்னு சொன்னேன்ல, அதை எழுதினதே நான்தான்.

பூசாரி, பொண்ணோட தம்பி எங்கன்னு சத்தம் போட்டாரு. போனேன். செம்பைக் கையில குடுத்தாங்க. அக்கா கையை எடுத்து அவரு கையில வச்சுத் தண்ணி ஊத்தணும். ஊத்தினேன். எங்க நிறுத்தணும்னு தெரியல சார், செம்பு முழுக்க ஊத்திட்டேன். மாப்பிள்ளை வேட்டி நனைஞ்சு, பூசாரி கால் நனைஞ்சு, ஹோமத்துல பாதி அவிஞ்சுபோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அழுததைப் புகைன்னு நினைச்சிருப்பாங்க.

அந்தப் பேப்பரா? இந்தா, இங்கதான் இருக்கு, சட்டைப் பையில. தாராளமாப் பாருங்க, எழுத்து நல்லாருக்கும். அவகிட்ட வாங்கின கையெழுத்துல நான் கொண்டுபோயிக் குடுக்காம விட்டது இது ஒண்ணுதான் சார்.